செவுத்துக்கும் ஒரு வாரியம்

குந்து பேராண்டி. திண்ணையில குந்து, ஆனா செவுத்துல சாயாத. நீ சாஞ்ச எடத்தயெல்லாம் பார்த்துட்டுத்தான் வரேன்.

புது வூடு கட்டி, கிரகப்பிரவேசம் முடிஞ்சி இன்னும் மாவிலைத் தோரணம் முழுசா காயல. ஹால்ல டிவிக்கு எதிர்ல, தரையிலேருந்து மூணு அடி ஒசரத்துல, வட்டமா ஒரு எண்ணெய்க் கறை. உன் பொண்டாட்டி கேட்டதுக்கு "ஆயா வடை சுட்டப்ப தெறிச்சிது"ன்னு சொன்னியாமே? அடுப்படியில தெறிச்ச எண்ணெய் ரெண்டு வாசப்படி தாண்டி, ஹால்ல எடது பக்கம் திரும்பி, சரியா நீ குந்தற எடத்துல உன் தலை ஒசரத்துக்கு வந்து எறங்குதுன்னா, ஆயாவ இங்க வெச்சிருக்கக் கூடாதுடா. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அனுப்பணும்.

சரி, யாரு குத்தவாளின்றத உன் பொண்டாட்டி கோர்ட்டு பார்த்துக்கும். தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாச்சின்னு கேள்வி. நீ கறை போவ வழி கேட்டு வந்திருக்கற. கேட்டுக்கோ. நீ செல்போன்ல பார்த்துட்டு வந்த பதினாறு வைத்தியத்தயும் கொஞ்ச நேரம் மடியில முடிஞ்சி வெய்யி.

மொதல்ல அது எண்ணெயான்னு பாரு. சிரிக்காத. ஐப்பசி, கார்த்திகை மழையில மொட்ட மாடி கசிஞ்சி ஓதம் ஏறினாலும் செவுரு இருட்டாத்தான் தெரியும். அந்த ஓதத்தப் போயி சோப்புப் போட்டுத் தேச்சவனெல்லாம் நம்ம தெருவுலயே இருக்கான். வெரல்ல ஒரு சொட்டு தண்ணி எடுத்து கறை மேல வெய்யி. தண்ணி ஒட்டாம முத்து முத்தா நின்னா எண்ணெய். உறிஞ்சிக்கிட்டா பெரும்பாலும் ஓதம். ஓதம்னா மேஸ்திரியக் கூப்புடு. அவரு போன எடுக்க மாட்டாரு, அது வேற வைத்தியம்.

எண்ணெய்தான்னு தெரிஞ்சப்புறம்தான் முக்கியமான கேள்வி. கடைக்குப் போனா "இன்னா கறை?"ன்னுதான் எல்லாரும் கேக்கறான். "இன்னா செவுரு?"ன்னு ஒருத்தனும் கேக்கறதில்ல. எண்ணெய் எல்லா வூட்லயும் ஒரே எண்ணெய்தான். செவுரு வூட்டுக்கு வூடு வேற. பீரோவுக்குப் பின்னாடி, யாரு கண்ணுக்கும் படாத மூலையில, வெள்ளத்துணிய நனைச்சி லேசா தேச்சிப் பாரு. துணியில மாவு மாவா வெள்ளையா ஒட்டினா அது சுண்ணாம்பு. சாயம் கரைஞ்சி வந்தா டிஸ்டம்பர். ஒண்ணும் வராம துணி சுத்தமா இருந்தா எமல்ஷன். தண்ணி வழுக்கி ஓடி, செவுத்துல உன் மூஞ்சி மங்கலா தெரிஞ்சா எனாமல், அதாவது ஆயில் பெயிண்டு.

வெள்ளத்துணின்னு சொன்னது காதுல வுழுந்துதா? தோள்ல கெடக்கற துண்ட எடுத்துத் தேய்க்காத. எந்தக் கட்சித் துண்டா இருந்தாலும் ஈரத்துல சாயம் வுட்டுடும். செவுத்துல கூட்டணி உண்டாயிடும், அப்புறம் அத்தப் பிரிக்க முடியாது. பழைய வேட்டிய கிழிச்சிக்கோ.

உன் பாட்டன் வூடு சுண்ணாம்பு வூடு. கிளிஞ்சலச் சுட்டு, தண்ணியில தாளிச்சி, ஆறவெச்சி, வடிகட்டி, கொஞ்சம் கஞ்சித்தண்ணியும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்து, மட்டையத் தட்டி நாராக்கி அடிப்போம். பொங்கலுக்குப் பொங்கல் புதுச் செவுரு, அடியில காவிப் பட்டை. அந்தச் சுண்ணாம்பு காத்துல இருக்கற கரியமில வாயுவ இழுத்துக்கினு மறுபடி கல்லா மாறும். அதனாலதான் எலுமிச்சம்பழம், வினிகர்னு புளிப்பு எதையாவது போட்டா நுரை தள்ளுது. கறை போவுதுன்னு நீ சந்தோஷப்படுவ. போவறது செவுருடா. சுண்ணாம்புச் செவுத்த தண்ணி ஊத்திக் கழுவவும் கூடாது. சாக்பீஸ இடிச்சிப் பொடியாக்கி, கொழகொழன்னு கொழப்பி, கறை மேல ஒரு வெரல் கனத்துக்கு அப்பி, ராத்திரி முழுக்க வுட்டுடு. காயக் காய எண்ணெய உள்ளேருந்து இழுக்கும். காலையில பிரஷ்ஷால தட்டி வுடு. போவலன்னா இன்னொரு தபா போடு. உன் பொண்டாட்டி மூஞ்சிக்குப் பூசற முல்தானி மட்டியும் எண்ணெய் இழுக்கற மண்ணுதான். ஆனா அதுக்கு நிறம் இருக்குது, வெள்ளச் செவுத்துல மஞ்சளா தங்கிடும். அதோட, அவ டப்பாவுல கை வெச்சா கறை செவுத்துல மட்டும் நிக்காது.

அதுக்கும் அசையாத கறைன்னா, அந்த எடத்த மட்டும் சுரண்டி எடுத்துட்டு மறுபடி சுண்ணாம்பு அடி. சுரண்டாம எண்ணெய் மேலயே அடிச்சா, அடியில எண்ணெயும் சுண்ணாம்பும் சேர்ந்து சோப்பா மாறி, பொங்கல் முடிஞ்ச கையோட பொரை பொரையா உதிரும்.

டிஸ்டம்பர் ஒரு ரோஷக்காரன். அதுவும் சுண்ணாம்புக்கல் மாவுல பசை கலந்ததுதான். பசை தண்ணியில எளகிடும், அதனால ரெண்டு தபா ஈரத்துல தேச்சா கறையோட தானும் கெளம்பிடும். அதுக்கு ஒலர்ந்த வைத்தியம்தான். முகப்பவுடரோ சாக்பீஸ் பொடியோ அப்பி வெச்சி தட்டறது ஒண்ணு. இன்னொண்ணு, மையில்லாத வெள்ளக் காகிதத்த கறை மேல வெச்சி, சூடு கம்மியா வெச்ச இஸ்திரிப் பெட்டியால லேசா ஒத்தறது. சூட்டுல எண்ணெய் எளகி காகிதத்துக்கு வந்துடும். நீ படிச்சவனாச்சே, தினசரி பேப்பர வெச்சி ஒத்திடாத. கறை போன எடத்துல போன வாரத்துச் செய்தி ஏறிக்கும்.

இப்ப உன் ஹாலுக்கு வரேன். அது எமல்ஷன். லிட்டர் இன்னா வெலைன்னு கிரகப்பிரவேசத்துக்கு வந்த அத்தன பேர்கிட்டயும் நீயே சொன்ன, எனக்கே மனப்பாடம். பெயிண்டு அடிச்சி ஒரு மாசமாவது ஆவாம அதுமேல தண்ணி வெச்சித் தேய்க்காத. மேல காஞ்சி தெரியும், உள்ள இன்னும் எறுகியிருக்காது. ஒரு மாசம் தாண்டிடுச்சின்னா இத்தச் செய்யி. ரெண்டு வாளி எடு. ஒண்ணுல வெதுவெதுப்பான தண்ணி அஞ்சி லிட்டர், பாத்திரம் வெளக்குற லிக்விடு ஒரு கரண்டி. இன்னொண்ணுல வெறும் தண்ணி. ஸ்பாஞ்ச நனைச்சி, சொட்டாத அளவுக்குப் புழி. கறையோட ஓரத்துலேருந்து நடுவுக்கு மெதுவா ஒத்தி ஒத்தி எடு. நடுவுலேருந்து வெளிய இழுத்தா சின்ன வட்டம் பெரிய வட்டமாவும். கறையுள்ள பக்கத்த அடிக்கடி திருப்பிக்கோ, இல்லன்னா எடுத்த எண்ணெயையே திருப்பிக் குடுத்துக்கினு இருப்ப. அப்புறம் வெறும் தண்ணியில நனைச்ச துணியால சோப்ப எடு, வேட்டித் துணியால ஈரத்த எடு. சோப்பு தங்கினா அதுமேல தூசு வந்து குந்தி, நீ சுத்தம் பண்ண எடமே புதுக் கறையா தெரியும்.

சோப்பு எப்பிடி வேலை செய்யிதுன்னு தெரியுமா? அதுக்கு ஒரு முனை எண்ணெயப் புடிக்கும், இன்னொரு முனை தண்ணியப் புடிக்கும். ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே நேரத்துல சொந்தக்காரனா இருக்கற கவுன்சிலர் மாதிரி, ஒட்டாத ரெண்டையும் ஒட்டவெச்சி எடத்தக் காலி பண்ண வெச்சிடும். அதுக்குக் கொஞ்சம் நேரம் குடுக்கணும். நீ குடுக்க மாட்ட. தேச்சதும் போவலன்னு அழுத்துவ, அழுத்தினதும் போவலன்னு நாரு எடுப்ப. மினுமினுப்பில்லாத மேட் பெயிண்டுல அழுத்தித் தேச்சா அந்த எடம் மட்டும் பளபளன்னு ஆயிடும். கறை போயி, கறை இருந்த எடம் நெலச்சி நிக்கும். மேஜிக் ஸ்பாஞ்சுன்னு விக்கறாங்களே, அதுவும் நைசான உப்புக்காகிதம்தான். மேஜிக்கு ரெண்டு தபா காட்டினா பெயிண்டு காணாமப் போயிடும்.

அடுப்படி சமாச்சாரம் வேற. எந்த வூட்லயும் அங்க இருக்கறது இன்னிக்கித் தெறிச்ச எண்ணெய் இல்ல. வடை, பஜ்ஜி, தீவாளி அதிரசம்னு சூட்டுல ஆவியோட மேல போன எண்ணெய், மெல்லிசா படிஞ்சி, மாசக்கணக்கா காத்துபட்டு கெட்டியாயி பிசுக்கா மாறினது. கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் அப்பிடித்தான் பிசினா எறுகும். உன் தலையில வழியற தேங்கா எண்ணெய் லேசுல அப்பிடி எறுகாது. அதனால உன் கறை சீக்கிரம் போவும், ஆயா கறைக்குத்தான் உழைப்பு வேணும். அடுப்படியில எனாமல் அடிச்சிருந்தா பயமில்ல. ஒரு லிட்டர் வெந்நீர்ல ஒரு பெரிய கரண்டி ஆப்ப சோடாவும் கொஞ்சம் லிக்விடும் போட்டு, துணிய நனைச்சி பிசுக்கு மேல அஞ்சி நிமிஷம் ஒட்ட வெச்சி எளக வுடு. அப்புறம் துடை. கழுவும்போது கீழேருந்து மேல போ. மேலேருந்து ஆரம்பிச்சா அழுக்குத் தண்ணி காஞ்ச செவுத்துல கோடு கோடா எறங்கி, அந்தக் கோட்ட எடுக்கறது கறைய எடுக்கறதவிட பெரிய வேலையாயிடும். கடைசியா நல்ல தண்ணியில அலசும்போது மட்டும் மேலேருந்து கீழ வா. சுவிட்சு போர்டு பக்கம் போறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணு. செவுரு பளிச்சின்னு இருந்து என்ன, அத்தப் பார்க்க நீ இருக்கணும்.

ஆயா வைத்தியத்துக்கும் வரேன். சாம்பல் எண்ணெய எடுக்கும், அதுல காரம் இருக்குது. ஆனா பித்தளை அண்டாவத் தேய்க்கறதும் செவுத்தத் தேய்க்கறதும் ஒண்ணில்ல, எனாமல் கீறிக்கும். சீயக்காயும் நுரைச்சி எண்ணெய எடுக்கும், அதோட தன்னோட காப்பி நிறத்தையும் செவுத்துக்கு எழுதி வெச்சிட்டுப் போவும். பூவந்திக்கொட்டைய ஊறவெச்சி வடிகட்டின தண்ணி இருந்தா மூலையில தேச்சிப் பார்த்துட்டு போடலாம். இத்தயெல்லாம் ஆயாகிட்ட நேரா சொல்லாத. நான் சொன்னேன்னும் சொல்லாத. எனக்கு ராத்திரி சோறு அங்கதான்.

செல்போன் வைத்தியத்துல ஒண்ண மட்டும் இன்னிக்கே அழிச்சிடு. பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவற ஆசிட்டையும் ஒண்ணா கலக்கச் சொல்றானே, அது விளையாட்டில்ல. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு கெளம்பும், சின்ன அடுப்படியில நெஞ்சடைச்சி வுழுந்துடுவ. அம்மோனியாவோடவும் பிளீச்சிங்க சேர்க்காத. மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறைய எடுக்கும், உண்மைதான். எடுத்துட்டு தன் கறைய வெச்சிட்டுப் போவும், பக்கத்துல அடுப்பு எரிஞ்சா வூட்டையும் எடுத்துக்கினு போவும். தின்னர் இன்னும் சுறுசுறுப்பு, கறையோட பெயிண்டையும் சேர்த்தே துடைச்சிக் குடுத்துடும்.

எதுக்கும் மசியாம, மேல பெயிண்டு அடிச்சி மறைச்சிடலாம்னு நெனைப்ப. நம்ம ஊர்ல நெறைய விஷயத்த அப்பிடித்தான் மறைக்கறோம், ஆனா எண்ணெய் மறையாது. எண்ணெய் மேல எமல்ஷன் பூசினா கொஞ்ச நாள்ல கறை மேல எட்டிப் பார்க்கும். மொதல்ல சோப்பால கழுவி, காயவெச்சி, ஆயில் பிரைமர் ஒரு கோட்டு அடிச்சி அடைச்சிட்டு, அப்புறம்தான் பெயிண்டு. பழைய வூட்டு எனாமல ஒலர்ந்த உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்காத. பெயிண்டுல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு அரசாங்கம் 2016-ல விதி போட்டு, 2017 நவம்பர்லேருந்துதான் அது அமலுக்கு வந்துது. அதுக்கு முன்னாடி அடிச்சதுல இன்னா இருக்குதோ. அந்தத் தூசு கொழந்தைங்க வாயில போனா மூளைக்கே கெடுதி.

சுரண்டறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசி. தஞ்சாவூர் பெரிய கோயில்ல கருவறையச் சுத்தி உள் நடையில நாயக்கர் காலத்து ஓவியம் உதிர்ந்த எடத்துல, அடியில சோழர் காலத்து ஓவியம் இருக்கறத 1931-ல கோவிந்தசாமின்னு ஒரு பேராசிரியர் கண்டுபிடிச்சாரு. அதே 1931-ல நம்ம காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில்ல பல்லவர் ஓவியத்த ழுவோ துப்ரேய்ன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டாரு. பக்தியா அடிச்ச வெள்ளையும் வெளக்குப் புகையும் எத்தன கோயில்ல எத்தன ஓவியத்த மூடிக் கெடக்குதோ. கல்வெட்டுத் துறை ஆளுங்க மைப்படி எடுக்க வந்தா, ஈரக் காகிதத்த எழுத்து மேல ஒத்தறதுக்கு முன்னாடி சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கறதுக்கே பாதி நாள் போயிடும். நம்ம சனம் வேண்டுதலுக்கு வெளக்கு ஏத்தினா வெளக்குல நிறுத்தாது, மிச்ச எண்ணெயக் கையோட செவுத்துல தொடைச்சாத்தான் சாமிக்குப் போயி சேர்ந்த திருப்தி. உன் வூட்டுப் பொறையில வெளக்கு ஏத்தறியே, பின்னாடி ஒரு பித்தளைத் தகடு சாத்தி வெய்யி. புகை தகட்டுல படியட்டும், வாரத்துக்கு ஒரு தபா தேய்க்கலாம். மத்தபடி தைரியமா சுரண்டு. உன் வூட்டுச் செவுத்துக்கு அடியிலேருந்து ராஜராஜன் வரமாட்டான், மேஸ்திரி மிச்சம் புடிச்ச சிமெண்டுதான் தெரிய வரும்.

இவ்ளோ சொல்லியும் கறை திரும்ப வரும். ஏன்னா செவுத்துக்குப் பொறுப்புன்னு வூட்ல ஒரு ஆளில்ல. உத்திரமேரூர்ல பொறந்துட்டு இத்தச் சொல்ல வெக்கமா இருக்குது. வைகுண்டப் பெருமாள் கோயில் செவுத்துல பராந்தக சோழன் காலத்துல 919-லயும் 921-லயும் வெட்டின கல்வெட்டு நிக்குது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம், சம்வத்சர வாரியம், அதாவது வருஷ வாரியம்னு வெச்சி, குடும்புன்னு சொல்ற முப்பது வார்டுலேருந்து ஓலையில பேரெழுதி, குடத்துல போட்டு, ஒரு சின்னப் புள்ளைய வுட்டு எடுக்க வெச்சி ஊர நடத்தினாங்க. 2020 டிசம்பர்ல டெல்லியில புது பார்லிமெண்ட்டுக்கு அடிக்கல் நாட்டினப்ப பிரதமரே நம்ம ஊர் பேரச் சொன்னாரு. ஏரிக்கு வாரியம் போட்ட ஊர்ல செவுத்துக்கு ஒண்ணு போடக் கூடாதா? அதுதான் என் யோசனை. உன் வூட்ல ஒரு செவுரு வாரியம் போடு. நல்ல வெள்ளத்துணி எங்க இருக்குது, எந்த அறைக்கு எந்தப் பெயிண்டு, டப்பாவுல மிச்சம் எவ்ளோ, எண்ணெய் சட்டிக்கு மூடி எங்க, எல்லாம் அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெறிச்ச அன்னிக்கே துடைக்கணும். அன்னிக்கே துடைச்சா ஈரத்துணி போதும், ஆறு மாசம் கழிச்சி துடைச்சா என்னைத் தேடி வரணும்.

தேர்தல் கல்வெட்டுப்படி நடத்திடலாம்னு நானும் தகுதியெல்லாம் பார்த்தேன். சொந்த மனையில வூடு இருக்கணும், அது உன்கிட்ட இருக்குது. வரி கட்டற நெலம் கால் வேலிக்கு மேல வேணும், உன்கிட்ட அஞ்சி செண்டு கொல்லைதான் இருக்குது. வேதம் தெரியணும், அந்த விதியில நம்ம தெருவே அன்னிக்கி குடத்துப் பக்கம் போயிருக்க முடியாது, அத்த வுடு. வயசு முப்பத்தஞ்சிக்கு மேல, எழுவதுக்குள்ள. நீயும் பொண்டாட்டியும் முப்பதத் தாண்டல, அடிபட்டுப் போச்சி. ஆயா எழுவதத் தாண்டியாச்சி. உன் நைனா வயசு சரியா இருக்குது, ஆனா அவனும் சம்வத்சர வாரியம் நடத்தி கணக்கு காட்டாதவன்தான். பெயிண்டுக்குன்னு வாங்கின காசுக்கு இன்னிக்கி வரைக்கும் பில்லு வரலன்னு கேள்வி. கணக்கு காட்டாதவனும் நிக்கக்கூடாது, அவன் சொந்தபந்தமும் நிக்கக்கூடாதுன்னு கல்லுல வெட்டியிருக்குது. அந்த வழியிலயும் நீ அவுட்டு.

ஆவ, தேர்தல்ல நிக்க உன் வூட்ல ஒருத்தருக்கும் யோக்கியதை இல்ல. ஆள் தேர்ந்தெடுக்கற வரைக்கும் வேலை நிக்கக்கூடாதுன்றதால, கறை வெச்சவனே துடைக்கட்டும்னு நான் முடிவு பண்ணிட்டேன். எழுந்திரு, வாளிய எடு, தண்ணிய வெதுவெதுப்பா வெய்யி. நான் கை குடுக்கலாம்தான். ஆனா எனக்கு எழுவத்தி மூணு ஆவுது, வாளியத் தொட்டா பராந்தகன் போட்ட விதிய மீறினதா ஆயிடும். பக்கத்துல நாற்காலி போட்டு குந்திக்கினு கொறை சொல்றதுக்கு மட்டும் அந்தக் கல்வெட்டுல எங்கியும் வயசு வரம்பு போடல.